வானத்துக் கோள்களுக்கு ஏது அதிகாரம்?

 

திருமங்கலத்தில் இஷாத் தொழுது முடித்து, ஊர் வெளிச்சத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுப் பக்கம் சற்று நடந்து போனால் வானம் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். அங்கே நின்று பார்க்கிறவர், எல்லா நட்சத்திரங்களும் மினுக்கிக்கொண்டிருக்க, ஒன்றிரண்டு மட்டும் மினுக்காமல் நிலையாக ஒளிர்வதைக் கவனித்திருப்பார். நடு இரவில் உச்சி வானில் வெண்மையாய்ப் பெரிதாய்த் தெரிந்தால் அது பெரும்பாலும் வியாழன். சற்று மங்கலாய், மஞ்சள் பூத்தாற்போல் நிதானமாக நின்றால் அது சனி. அரபியில் வியாழனுக்கு முஷ்தரீ என்றும் சனிக்கு ஜுஹல் என்றும் பெயர்.

திருமறையின் 81ஆவது அத்தியாயமாகிய தக்வீரில், பின்வாங்குபவை, ஓடுபவை, ஒளிந்துகொள்பவை என்று சிலவற்றின் மீது அல்லாஹ் ஆணையிட்டுப் பேசுகிறான். அவை காட்டுப் பசுக்கள், மான்கள் என்று கருதியோர் உண்டு. ஆனால் விரிவுரையாளர்களில் பலர் அவை வானத்தில் ஓடும் ஐந்து கோள்கள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். ஜுஹல், முஷ்தரீ, மிர்ரீக், ஜுஹரா, உதாரித். அதாவது சனி, வியாழன், செவ்வாய், வெள்ளி, புதன். இவை சில காலம் முன்னோக்கி நகர்ந்து, பிறகு பின்வாங்குவது போல் தெரிந்து, மறுபடியும் முன்னேறும். ஜோதிடர்கள் இதை வக்ரம் என்று சொல்லி அச்சுறுத்துவார்கள். உண்மையில் அங்கே எதுவும் பின்வாங்குவதில்லை. மதுரை ரோட்டில் நாம் போகும் பஸ் ஒரு மாட்டு வண்டியை முந்தும்போது, அந்த வண்டி தூரத்து மரங்களுக்கு எதிரே பின்னால் போவது போல் தோன்றுகிறதல்லவா? சூரியனை விரைவாகச் சுற்றும் நமது பூமி, மெதுவாகச் சுற்றும் சனியை முந்தும்போது நடப்பதும் அதுதான்.

அல்லாஹ்வே ஆணையிட்ட பொருளாயிற்றே, அதற்கு ஏதேனும் சக்தி இருக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். அல்லாஹ் அத்திப் பழத்தின் மீதும்தான் ஆணையிட்டிருக்கிறான். அத்திப் பழத்தைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

இவ்வளவையும் நாம் சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கடிதம். திருமங்கலம் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 26 வயது. நல்ல இடம், பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தா ஐந்து நேரமும் ஜமாஅத்தோடு தொழுகிறவர். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிப் பெண் பிறந்த தேதியையும் நேரத்தையும் ஒரு சீட்டில் குறித்து வாங்கிப் போனார்களாம். இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்திருக்கிறது. பெண்ணுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, குரு பலமும் கூடவில்லை, இரண்டரை வருடம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று. காத்திருப்பதா, வேறு இடம் பார்ப்பதா, தன் மகள் செய்த குற்றம்தான் என்ன என்று அந்தத் தாய் கேட்கிறார்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். நமது அண்டை வீட்டார் சனிப் பெயர்ச்சிக்குக் குச்சனூருக்கும் திருநள்ளாற்றுக்கும் போய் வருவது அவர்களுடைய வழி. அதைக் குறை சொல்ல இங்கே நாம் வரவில்லை. நாம் பேசுவது கலிமாச் சொன்ன வீட்டுக்குள் இந்த அச்சம் எப்படி நுழைந்தது என்பதைப் பற்றித்தான். நுழைந்தும் பல காலமாகிவிட்டது. சில வீடுகளில் ஸஃபர் மாதத்துப் பீடை என்ற பெயரில் வருகிறது. சில வீடுகளில் ஒடுக்கத்துப் புதன் என்று வருகிறது. ஸஃபரில் பீடை என்பதே கிடையாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை!

சரி, அந்தப் பெண்ணின் நிகாஹைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ஜுஹல் யார் என்று பார்ப்போம்.

சூரியனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர் தூரத்தில் அது இருக்கிறது. சூரிய ஒளி நமக்கு வந்து சேர எட்டு நிமிடம் என்றால், சனிக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 80 நிமிடம். நமது பூமியைப் போல் 95 மடங்கு எடை கொண்டது. ஆனாலும் காலூன்றி நிற்கத் தரை கிடையாது. பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்ற வாயுக்களால் ஆன உருண்டை. அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. அதை வைக்கும் அளவுக்கு ஒரு கண்மாய் இருந்தால் மிதக்கும் என்று கணக்குச் சொல்கிறது.

அதைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. 1610ஆம் ஆண்டு இத்தாலிய நாட்டு கலீலியோ தமது சிறு தொலைநோக்கியால் பார்த்தபோது கோளுக்கு இரு பக்கமும் காது முளைத்தாற்போல் தெரிந்தது. 1612இல் பார்த்தால் அந்தக் காதுகளைக் காணோம். அவர் திகைத்துப் போனார். அது வளையம்தான் என்று 1659இல் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் விளக்கி நூல் எழுதினார். நம் பார்வைக்கு நேராக அதன் விளிம்பு வரும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. காரணம் அதன் மெல்லிய தன்மை. முக்கிய வளையங்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர் பரவியிருக்க, அவற்றின் தடிமனோ பல இடங்களில் நமது பள்ளிவாசல் மினாராவின் உயரம்கூட இராது. அந்த வளையங்கள் எதனால் ஆனவை தெரியுமா? பனிக்கட்டி! உறைந்த தண்ணீர்தான். மணல் துகள் அளவில் தொடங்கி ஒரு வீட்டின் பருமன்வரை எண்ணிலடங்காத பனித் துண்டுகள், ஒவ்வொன்றும் தன் பாதையில் சனியைச் சுற்றி வருகின்றன. 2004 முதல் 2017 வரை 13 ஆண்டுகள் காசினி என்ற விண்கலம் அங்கேயே சுற்றியிருந்து படம் பிடித்து அனுப்பியது. என்செலடஸ் என்ற அதன் சிறு சந்திரனின் பனித் தரை வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீறிட்டுக் கிளம்புவதையும் அது கண்டது. சனிக்கு 2025 வரை 274 சந்திரன்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இந்த ஐஸ் வளையத்துக்கும், திருமங்கலத்தில் ஒரு பெண் கழுத்தில் கருகமணி ஏறுவதற்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பெரியவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

ஏழரை என்ற எண் எங்கிருந்து வந்தது? சனி சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. வான வட்டத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டரை ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்றையும் கூட்டினால் ஏழரை. இதில் மர்மம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கூட்டல் கணக்குத்தான். பன்னிரண்டில் மூன்று என்றால் நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் உலகத்தில் எந்த நேரத்திலும் நான்கில் ஒருவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்க வேண்டும். 800 கோடி மக்களில் 200 கோடிப் பேர்! இத்தனை பேருக்கும் கல்யாணம் நின்றுவிட்டதா? ஹஜ்ஜுக்குப் போனவர்களில், பிள்ளை பெற்றவர்களில், கடை திறந்து பரக்கத்தாக வாழ்கிறவர்களில் நான்கில் ஒருவர் இந்தக் கணக்கில் வந்தவர்தானே?

இன்னொன்றையும் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 29.3.2025 அன்று சனி மீன ராசிக்குப் போயிற்று. வாக்கியப் பஞ்சாங்கப்படி அது போனது 2026 மார்ச்சில். இரண்டுக்கும் இடையே ஓராண்டுக்குச் சற்றே குறைவு. அந்த இடைக்காலத்தில் ஒரு பஞ்சாங்கத்தைப் பார்த்தவருக்கு ஏழரை விட்டது. மற்றொன்றைப் பார்த்தவருக்கு விடவில்லை. வானத்திலோ ஒரே ஒரு ஜுஹல்தான் இருந்தது! 23.3.2025 அன்று அதன் வளையம் நம் பார்வைக்கு நேர் விளிம்பாய்த் திரும்பியது. கலீலியோவைத் திகைக்க வைத்த அதே காட்சிதான். பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழும் அந்தத் திருப்பத்தை எந்த நாட்டு வானியலாரும் நாள் பிசகாமல் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

குரு பலம் என்பதும் இவ்வாறே. வியாழனின் சுற்றுக் காலம் 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு; ஆகவே ராசிக்கு ஓராண்டு. கோள்களிலெல்லாம் பெரியது; 318 பூமிகளின் எடை. இத்தனை பெரிய கோளின் மீது 1994 ஜூலை மாதம் ஒரு வால் நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து வந்து மோதியது. சில தழும்புகள் பூமியைவிடப் பெரிதாகக் கருத்துத் தெரிந்தன. உலகமே தொலைநோக்கி வழியே அதைப் பார்த்தது. தன் மேல் விழுந்த அடியையே தடுத்துக்கொள்ள இயலாத ஒரு படைப்பு யாருக்குப் பலம் கொடுக்கும்? நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, மறைந்து போகிறவற்றைத் தாம் நேசிப்பதில்லை என்று இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் எடுத்துரைத்த வரலாறு அன்ஆம் அத்தியாயத்தில் (6) இருக்கிறது. மௌலூதிலும் பயானிலும் நூறு முறை கேட்டிருக்கிறோம். கேட்டு என்ன பயன்?

சனியோடு வானம் முடிந்துவிட்டது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1781 மார்ச் 13ஆம் நாள் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். சூரியனைச் சுற்ற அதற்கு 84 ஆண்டுகள். அது பக்கவாட்டில் சாய்ந்து உருள்வது போல் சுழல்கிறது. இந்தக் கோள் விஷயத்தில் நமது தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம்மவர் பலர் இதை அறியமாட்டார்கள்.

தோல் வணிகத்துக்கும் மதரஸாக்களுக்கும் பேர்போன வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வரும். பெயரிலேயே ஜவ்வாது மணக்கும் ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்டுச் சூரியனை ஆராய்ந்து வந்த கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு 1960இல் இயக்குநராக வந்த வைணு பாப்பு அவர்கள், இரவு வானத்தைப் பார்க்க ஏற்ற இடம் தேடி இந்தக் காவலூரைத் தேர்ந்தார். 1972இல் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி அங்கே வந்தது. அந்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வியாழனின் பெரிய சந்திரனாகிய கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்ததைக் காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

1977 மார்ச் 10ஆம் நாள் வியாழக்கிழமை பின்னிரவு, நமது கணக்கில் வெள்ளி இரவு, யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னே கடந்து செல்லவிருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் வந்து மறைக்க இன்னும் நேரம் இருக்கும்போதே அந்த ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. நடுவே எதுவோ குறுக்கிட்டிருக்கிறது. புதிதாக ஒரு சந்திரன் போலும் என்றே முதலில் கருதி வெளியிட்டார்கள். அதே இரவு இந்துமாக் கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு அப்படிப் பல மங்கல்கள், கோளுக்கு இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் கிடைத்தன. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. காவலூர்ப் பதிவும் அதையே காட்டுவதாக அவ்வாண்டிலேயே அறிவித்தார்கள். அந்த வளையங்கள் சனியின் வளையங்களைப் போல் பளிச்சிடுபவை அல்ல. கரியைப் போல் கறுத்தவை, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை. 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் கறுத்த இழையை நமது மலையிலிருந்து மனிதன் அறிந்துகொண்டான். மனிதனுக்கு இந்த அறிவைக் கற்றுக்கொடுத்தவன் யார்?

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்டுபிடிப்பு வெளிவந்ததும் இது எங்கள் குர்ஆனில் அன்றே இருக்கிறது என்று மேடையில் முழங்கிவிடுகிறார்கள். யுரேனஸின் வளையம் திருமறையில் இருக்கிறது என்று நாம் சொல்லமாட்டோம். திருமறை வானத்தைப் பார் என்கிறது. முல்க் அத்தியாயத்தில் (67) ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்பப் பார் என்கிறது. அன்று அந்த மலையில் கண்விழித்துப் பார்த்தவர்கள் அவர்கள். நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

யுரேனஸுக்கு அப்பால் நெப்டியூன். யுரேனஸின் ஓட்டத்தில் இருந்த சிறு பிசகை வைத்து, இன்ன இடத்தில் இன்னொரு கோள் இருந்தாக வேண்டும் என்று பிரெஞ்சு நாட்டு லெவெர்ரியே காகிதத்தில் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு பெர்லினில் அந்த இடத்தைப் பார்த்தார்கள், இருந்தது. அன்றிலிருந்து அது சூரியனை முதல் சுற்றுச் சுற்றி முடித்தது 2011இல்தான். அதற்கும் அப்பால் 1930இல் கண்ட புளூட்டோ. ஒரு சுற்றுக்கு 248 ஆண்டுகள் ஆகும். கண்டுபிடித்த பிறகு இன்னும் பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை. 2006இல் அதைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என்று வகுத்தார்கள். 2015இல் ஒரு விண்கலம் அதன் அருகே போய்ப் பார்த்தது. நைட்ரஜன் வாயுவே உறைந்து சமவெளியாகக் கிடக்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 230 டிகிரி வரை. அந்தப் பக்கத்தில் இப்படிப் பனி உருண்டைகள் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன.

இந்த யுரேனஸும் நெப்டியூனும் நவக்கிரகக் கணக்கில் கிடையாது. நம் முப்பாட்டன்மார் அவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அவை யாருக்கு எந்த வீட்டில் இருந்தன என்று பார்க்காமலே நிகாஹ் செய்தார்கள். பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்தார்கள். ராகு, கேது என்பவையோ உருண்டைகளே அல்ல. சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் குறுக்கிடும் இரண்டு புள்ளிகள்.

வானத்தைக் கணக்கிடுவது வேறு, வானத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நட்சத்திரக் கலையை இந்த இரண்டு கூறாகவே பிரித்தார்கள். கணக்கு ஆகுமானது, தீர்ப்புப் பழிக்கத்தக்கது. பிறையும் கிப்லாவும் தொழுகை நேரமும் கணக்கில் அடங்குகின்றன. கீழக்கரை, காயல்பட்டினத்து மரக்கலங்கள் கடலோடியதும் நட்சத்திரங்களைக் கொண்டுதான். தாபிஈன்களில் பேரறிஞரான கதாதா (ரஹ்) அவர்கள், நட்சத்திரங்கள் மூன்று காரியங்களுக்காகப் படைக்கப்பட்டன, வானத்துக்கு அலங்காரமாக, ஷைத்தான்களை எறிவதற்காக, வழி அறிவதற்காக. இதற்கு மேல் விளக்கம் தேடுகிறவர் தவறிவிட்டார் என்ற கருத்தைக் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

தீர்ப்புச் சொன்னவர்களின் கதி என்னவாயிற்று? ஹிஜ்ரி 582இல், அதாவது 1186இல், கோள்கள் எல்லாம் துலாம் ராசியில் கூடுகின்றன, பெருங்காற்று எழுந்து நாடு நகரங்களை அழிக்கும் என்று ஜோதிடர்கள் நாள் குறித்தார்கள். குறித்த நாள் வந்தது. வரலாற்று ஆசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார்: காற்று அசையவேயில்லை, களத்தில் குவித்த தானியத்தைத் தூற்றக்கூடக் காற்றில்லாமல் குடியானவர்கள் காத்திருக்க நேர்ந்தது என்று! நமது பக்கத்துச் சம்சாரிகளுக்கு அந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும். நம் காலத்திலும் 1962 பிப்ரவரி தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் சேருகின்றன, உலகம் அழியப் போகிறது என்று இந்தியா முழுவதும் பெரும் பீதி. அந்த நாட்களும் வந்தன, போயின.

அழிவு வரும் என்றவர்களை விடுவோம். நன்மையின் பக்கம் வருவோம். ஹுதைபியாவில் ஓர் இரவு மழை பெய்தது. ஸுப்ஹுத் தொழுது முடித்து அண்ணலார் (ஸல்) தோழர்கள் பக்கம் திரும்பினார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை பெய்தது என்று சொன்னவர் அவனை நம்பியவர், இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்று சொன்னவர் நட்சத்திரத்தை நம்பி அவனை மறுத்தவர் என்று அல்லாஹ் அறிவித்ததாக எடுத்துரைத்தார்கள். தண்ணீருக்கு ஏங்கும் பாலையில், மழை கண்ட மகிழ்ச்சிக்கு நடுவிலும் அந்த ஒரு சொல்லை அவர்கள் சும்மா விடவில்லை.

துக்கத்தின் பக்கமும் பாருங்கள். மாரியா நாயகி (ரலி) அவர்கள் ஈன்ற இப்ராஹீம், நாயகத்தின் கடைக்குட்டி, பால்குடி மறவாத பருவத்திலேயே மறைந்தார். அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன. அதே நாளில் சூரிய கிரகணம். மதீனத்து மக்கள் கலங்கிப் போய், இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது கெட்ட எண்ணத்தோடு அல்ல, அன்பினால். பிள்ளையை அடக்கிவிட்டு வந்த எந்தத் தகப்பனுக்கும் அந்தச் சொல் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். பொய்யர் ஒருவராக இருந்திருந்தால், வானமே எனக்காக அழுதது என்று அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாயகம் (ஸல்) அவர்கள் மக்களைத் திரட்டி நீண்ட தொழுகை நடத்தினார்கள். பின்பு, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, எவருடைய இறப்புக்கோ பிறப்புக்கோ அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். இறப்புக்கு மட்டுமல்ல, பிறப்புக்கும் என்று சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ஜாதகம் என்பது பிறந்த நேரத்தை வைத்துத்தானே எழுதப்படுகிறது!

தம் சொந்தப் பிள்ளையின் ஜனாஸா நாளில் வானத்துக்கு அந்தத் தொடர்பைக் கொடுக்க மறுத்தார்கள் அண்ணல் நபி (ஸல்). அவர்களுடைய உம்மத்தில் ஒருவர், அடுத்த வீட்டுப் பெண்ணின் நிகாஹுக்கு அந்தத் தொடர்பைக் கொடுக்கிறார்.

இனி அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில். இரண்டரை வருடம் காத்திருக்க மார்க்கத்தில் எந்த முகாந்திரமும் இல்லை. குறி சொல்பவரிடம் போய்க் கேட்டவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. கேட்டதோடு அதை உண்மையென நம்பினால் ஈமானுக்கே ஆபத்து. ஆகவே உள்ளூர் ஹஜ்ரத்தையும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிப் பக்குவமாக எடுத்துச் சொல்லச் செய்யுங்கள். கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். தொழுகிற மனிதர், சொன்னால் தௌபாச் செய்து திரும்புவார் என்றே நாம் நல்லெண்ணம் வைக்கிறோம். மனம் துணியாவிட்டால் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ ஓதட்டும். தெரியாத எதிர்காலத்தை அறிந்தவனிடமே ஒப்படைக்கும் வழி அது. அதன் பிறகும் அவர்கள் பஞ்சாங்கத்தையே பிடித்துக்கொண்டு நின்றால், தாராளமாக வேறு இடம் பாருங்கள். பெண்ணின் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவளிடம் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்ட பிள்ளைகள் தங்களுக்கே ஏதோ பீடை என்று மனதுக்குள் குமைந்து போகிறார்கள்.

அறியாமைக் காலத்து அரபிகள் ஷவ்வால் மாதத்தில் நிகாஹ் செய்வதைத் துர்க்குறியாகக் கருதி வந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நிகாஹும் ஷவ்வாலில், அண்ணலாரின் இல்லம் புகுந்ததும் ஷவ்வாலில். என்னைவிட அவர்களின் பிரியத்துக்கு உரியவர் யார் இருந்தார் என்ற கருத்தில் அன்னையவர்கள் பெருமிதத்தோடு கேட்பார்கள். தம் குடும்பத்துப் பெண்களை ஷவ்வாலில் மணமுடித்து அனுப்புவதையே விரும்பினார்கள். இந்தச் செய்தியை மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குப் பெண்களே எடுத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசியாக வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். ஜவுளிக் கடையும் மளிகைக் கடையும் இலவசமாகத் தரும் தினத்தாள் காலண்டர் நம் வீடுகளிலும் தொங்குகிறது. ஹிஜ்ரித் தேதிக்குப் பக்கத்திலேயே ராகு காலம், எமகண்டம், குளிகை. தினமும் கண்ணில் பட்டால் பிள்ளைகள் மனதில் தங்கத்தானே செய்யும்? பகற்பொழுதை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்குக்கு வைத்த பெயர்தான் ராகு காலம். வெள்ளிக்கிழமைக்கு அது 10½ மணியிலிருந்து 12 மணிவரை என்று போட்டிருக்கும். நாம் கடையை அடைத்து, குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரமல்லவா அது! முந்தி வருகிறவருக்கு ஒட்டகத்தைக் குர்பான் கொடுத்த நன்மை, அடுத்தவருக்கு மாடு, அதற்கடுத்தவருக்கு ஆடு என்று மலக்குகள் பள்ளிவாசல் வாயிலில் எழுதும் வேளை. அந்த வேளையில் மாப்பிள்ளையும் பெண்ணின் அத்தாவும் ஒன்றாகவே பள்ளிக்குப் போகட்டும். பெண்ணின் சம்மதம் கேட்டாகிவிட்டது, மஹர் பேசியாகிவிட்டது, சாட்சிக்கு ஜமாஅத்தே இருக்கிறது. ஜும்ஆ முடிந்த கையோடு அங்கேயே நிகாஹை ஓதிவிடலாம். ஷவ்வால் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.